ஆப்ப சோடாவை அளந்த பேனா

ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டு அடுப்பு மேடையில், கரண்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு பிஹெச் மீட்டர் இருக்கிறது. தடித்த பேனா அளவு. முனையில் பட்டாணியைவிடச் சிறிய கண்ணாடிக் குமிழ். அதைத் திரவத்தில் அமிழ்த்தினால் திரையில் எண் ஓடி நிற்கும். 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆப்ப சோடா என்னதான் செய்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் வாங்கினேன்.

முதல் நாளே ஒரு குறை. உடன் வந்த பொட்டலங்கள் 4.01, 6.86 என்ற இரண்டு அளவுகளைச் சரிபார்க்க மட்டுமே. சோடா நிற்பதோ 8-க்கு மேல். 9.18 பொட்டலத்தைத் தனியாக வாங்கி, டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துச் சரிசெய்த பிறகுதான் எண்களை நம்பினேன்.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடா: 8.3. இன்னொரு தேக்கரண்டி போட்டேன். அப்போதும் 8.3! சோடியம் பைகார்பனேட் அமிலத்துக்கும் ஈடு கொடுக்கும், காரத்துக்கும் ஈடு கொடுக்கும். அதனால் அளவு கூடினாலும் எண் அசைவதில்லை. இதைப் பார்த்து, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 1,260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே நாளுக்கு 2,000-க்குக் கீழேதான். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் நெஞ்செரிச்சலுக்கு இதைக் கரைத்துக் குடிப்பது ஆபத்து. மீட்டர் இதைச் சொல்லாது.

மாவில்தான் இந்தக் கருவி அருமையாக உதவியது. இரவு முழுக்கப் புளித்த ஆப்ப மாவு 4.5 காட்டியது. ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சோடா கலந்ததும் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, எண் 4.9-க்கு ஏறியது. அமிலம் கிடைத்தால் 84 கிராம் சோடா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு தரும். வெறும் சூட்டில் அதில் பாதிதான். மீதி சோடியம் கார்பனேட்டாகத் தங்கி, சவுக்காரம் போல் நாக்கில் கசக்கும். புளிக்காத மாவில் சோடாவை அள்ளிப் போட்டால் ஆப்பம் கசப்பது இதனால்தான்.

வினிகரும் சோடாவும் கலந்து பொங்கவைத்துத் தேய்க்கும் பழக்கத்தையும் சோதித்தேன். வினிகர் 2.5. அரைக் கப்பில் இரண்டு தேக்கரண்டி சோடா போட்டு, நுரை அடங்கியதும் அளந்தால் 6.9. அமிலமும் போயிற்று, சோடாவும் போயிற்று. மிஞ்சியது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். மூடிய பாட்டிலில் மட்டும் கலக்கவே வேண்டாம், வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

இரும்புக் கல்லில் அரைமணி நேரம் வறுத்த சோடாவைக் கரைத்தபோது எண் 10.9! பார்வைக்கு அதே வெள்ளைத் தூள். ஆனால் அது இப்போது சலவை சோடா. தோலை எரிக்கும், வாயில் படக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகவே இந்தப் பேனாவுக்குக் கொடுத்த காசு தகும்.

பராமரிப்புதான் தொல்லை. மாவு குமிழில் ஒட்டிக் காய்ந்தால் எண் நிற்க நேரமாகிறது. ஒவ்வொரு முறையும் அலசி, துடைக்காமல் நீரை ஒற்றியெடுத்து, மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் விட்டு மூட வேண்டும். இரண்டு நாள் மறந்ததில் என் கருவி 0.3 தப்பாகக் காட்டியது. வாரந்தோறும் மாவு அரைக்கும் வீட்டுக்கு வாங்கலாம். சரிபார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேண்டாம்.