பியுங்-சுல் ஹானும் கொக்கிளாய் மாணவனும்

கொரியாவிற் பிறந்து ஜேர்மன் மொழியில் எழுதும் பியுங்-சுல் ஹான் என்பார், 'சோர்வுச் சமுதாயம்' எனப் பொருள்படும் நூலை 2010இல் வெளியிட்டார். முன்னைச் சமுதாயம் 'செய்யாதே' எனத் தடுத்தது. இன்றைய சமுதாயம் 'உன்னால் முடியும்' எனத் தூண்டுகின்றது. புறத்தே ஏவுவோன் இன்றியே மனிதன் தன்னை வருத்தி மனச்சோர்வுறுகின்றான் என்பது அவர் துணிபு.

நகரத்து உத்தியோகத்தர்க்கு இது பொருந்தலாம். கொக்கிளாய்க்கு அரைவாசியே பொருந்தும். 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த 2009க்குப் பின்னரே மீளக் குடியேறத் தொடங்கிய கடற்றொழிலாளர் ஊர் அது. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவனிடம், இழந்த காணிக்கும் கரைவலைப்பாட்டுக்கும் ஈடாக ஒரு பட்டத்தைப் பெற்றோர் எதிர்பார்ப்பரேல், ஏவுவோர் புறத்தே இல்லையெனல் எங்ஙனம் பொருந்தும்? அவர் வாய்திறந்து ஏவார் என்பது வேறு.

ஆயினும் ஹானின் கூற்று உயிர்பெறும் இடமும் ஈண்டு உண்டு. முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாதலின், பல்கலைக்கழக அனுமதியில் 5 வீத விசேட ஒதுக்கீட்டிற் பங்கு பெறுகின்றது. நீதியான ஏற்பாடே. எனினும் சலுகை இருந்தும் இடம் பெறாதவன் பழிக்க வேறெவரையும் காணான். இசட் புள்ளியைத் தன் தகுதியின் அளவாகவே கொள்கின்றான்.

ஆழ்ந்த ஓய்வையும் அமைதியான சிந்தனையையும் ஹான் மருந்தாகப் போற்றுகின்றார். 'இம்முறை போகட்டும், தம்பி' என்று தந்தை சொல்லும்வரை அம்மாணவன் புத்தகத்தை மூடுவானா?