அந்தக் கட்டப்படம் சொல்லாத விஷயம்

எல்சி-எம்எஸ் பழகியவர்களில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளே கிடையாது. கிடைக்கோட்டில் முனைவுத்தன்மை, செங்குத்துக்கோட்டில் மூலக்கூறு எடை. பெரிய பரப்பு எலக்ட்ரோஸ்பிரேக்கு. கீழே, முனைவு குறைந்த பக்கம், ஏபிசிஐ, ஏபிபிஐ இரண்டுக்கும். அயனியாக்க முறையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய வகுப்பு என்றால் இதுதான் முதல் ஸ்லைடு. நானும் பலமுறை காட்டியிருக்கேன். இப்போ அதுமேல எனக்கு ஒரு வருத்தம்.

படம் பொய் சொல்லவில்லை. கொலஸ்ட்ராலையே எடுத்துக்குங்க. புரோட்டானைப் பிடித்துவைக்கக் காரக் குழு எதுவும் அதில் இல்லை. எலக்ட்ரோஸ்பிரேயில் சிக்னல் பரிதாபமா இருக்கும். அதே மூலக்கூறு ஏபிசிஐயில் ஒரு நீரை இழந்து 369-இல் பளிச்சுன்னு நிற்கும். இதுவரை சரி.

ஆனால் படத்தில் இருப்பது மூலக்கூறு மட்டும்தான். அதோடு கூட வருகிற கூட்டம் அதில் இல்லை. எலக்ட்ரோஸ்பிரேயில் மின்னூட்டம் பெற்ற துளியிலிருந்து அயனி வெளியேற வேண்டும். துளியின் பரப்பிலும் மின்னூட்டத்திலும் இடம் கொஞ்சம்தான். பிளாஸ்மாவின் பாஸ்போலிப்பிடுகள் அதே நேரத்தில் வந்தால் முண்டியடித்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏபிசிஐயில் எல்லாம் முதலில் ஆவியாகி, பிறகே கொரோனா ஊசியருகே வாயு நிலையில் புரோட்டான் கைமாறுகிறது. அதனால் இந்த நெருக்கடி பொதுவாகக் குறைவு. ஆனால் சூடு தாங்காத மூலக்கூறு அங்கே சிதைந்துபோகும்.

ஒருமுறை ஒரு மருந்துக்குப் படத்தை நம்பி எலக்ட்ரோஸ்பிரேயை எடுத்தேன். தூய கரைசலில் அருமையான பீக். பிளாஸ்மா மாதிரியில் ஒன்றுமில்லை. 'காணப்படவில்லை' என்று எழுதியே விட்டேன். மனசு கேட்காமல், மருந்து கலக்காத பிளாஸ்மாச் சாறை ஏற்றி, காலத்துக்குப் பின்னால் மருந்தைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தேன். மருந்து வெளிவர வேண்டிய அதே நிமிடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தது. இத்தனை நாள் கருவி 'இல்லை' என்றது மருந்து இல்லாததால் அல்ல, அதைப் பேசவிடாததால்.

அறிக்கையைக் கிழித்துப் போட்டு, சாறெடுக்கும் முறையை மாற்றினேன்.

2002-இல் ஜான் ஃபென்னுக்கு நோபல் வாங்கித் தந்தது எலக்ட்ரோஸ்பிரே. அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாதிரி எது, கரைப்பான் எது, கூட வருவது எது என்ற கேள்விகள் முதலில் வரட்டும். கட்டப்படம் மூன்றாவது ஸ்லைடாக இருக்கட்டும்.