கையெழுத்துப் போடும் முன்

மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் பெண்ணிடம் ஸ்கேன் மையத்தில் முதலில் கேட்பது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட். அடுத்து ஒரு படிவம் வரும். அலர்ஜி உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, கர்ப்பமா என்று பொடி எழுத்தில் கேள்விகள், அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. கை நரம்பில் ஊசி ஏற்றச் சில நிமிடங்களே இருக்கும்போது அவர் இதைப் படித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். நான் பார்த்த படிவங்களில் ஏற்றப்போகும் மருந்தின் பெயர் இல்லை. கான்ட்ராஸ்ட் மருந்தைவிட, அதைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லும் இந்த முறைதான் என்னை உறுத்துகிறது.

மருந்து எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். கொழுப்பையும் சுரப்புத் திசுவையும் எம்.ஆர்.ஐ. தெளிவாகவே பிரித்துக் காட்டும். ஆனால் சுரப்புத் திசுவுக்குள் புதைந்த சிறு புற்றுக்கட்டி, ஊசி போடாத படத்தில் பக்கத்துத் திசுவோடு கலந்துவிடும். வளர்கிற கட்டி தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னார். அந்தக் குழாய்களின் சுவர் செம்மையாக அமைவதில்லை, கசியும். ரத்தத்தில் ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள கடோலினியம் அந்தக் கசிவு வழியே கட்டிக்குள் போய்த் தேங்குகிறது. ஊசி போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள் கட்டி பளிச்சென்று தெரிகிறது. ஊசிக்கு முந்தைய படத்தைப் பிந்தைய படத்திலிருந்து கழித்தால், ஒளிர்ந்த இடம் மட்டும் மிஞ்சும். மருந்து எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதும் கட்டியின் குணத்தைப் பற்றி ஒரு துப்புக் கொடுக்கும்.

ஆகவே புற்றுநோயைத் தேடும் மார்பக எம்.ஆர்.ஐ.யில் பரிசோதனையே அந்த ஊசியை நம்பித்தான் நடக்கிறது. சிலிக்கோன் பை வைத்த மார்பில் அது கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க ஊசி தேவையில்லை. ஊசி இல்லாமல், திசுவுக்குள் நீர் நகர்வதை அளக்கும் டிஃப்யூஷன் முறையும் வளர்ந்து வருகிறது. ஆனால் மிகச் சிறிய கட்டிகளையும், பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் தொடக்கநிலைப் புற்றையும் அது தவறவிடலாம். பயந்துபோய் “ஊசி வேண்டாம், ஸ்கேன் மட்டும் எடுங்கள்” என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இருக்கிற வழிகளில் இதைத்தான் மிக மோசமானது என்பேன்.

ஊசியோடு எடுத்தால் கிடைக்கும் பலனுக்கு நெதர்லாந்தில் நடந்த டென்ஸ் ஆய்வு நல்ல சான்று. 2019இல் அதன் முடிவு வெளியானது. மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று வந்த, ஆனால் மார்பகத் திசு மிக அடர்த்தியாக இருந்த, 50 முதல் 75 வயதுக்கு உட்பட்ட 40,373 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினரை எம்.ஆர்.ஐ.க்கு அழைத்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு முன்பே இடையில் வெளிப்பட்ட புற்றுநோய், அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 5, அழைக்கப்பட்டவர்களில் 2.5. அழைப்பை ஏற்று உண்மையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களில் அது 0.8தான். அதே ஆய்வின் மறுபக்கமும் உண்டு. முதல் சுற்றில் ஆயிரத்துக்குச் சுமார் 80 பேர், புற்றுநோய் இல்லாமலே மேல்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். பயாப்சி ஊசியும், ரிப்போர்ட் வரும்வரை தூங்காத இரவுகளும் இந்த 80க்குள் அடங்கும். ஸ்கேனின்போதோ அது முடிந்தவுடனோ உடல் கோளாறு கண்டவர்கள் 0.1 சதவீதம். இந்த ஆய்வில் பெண்களை அதிகம் அலைக்கழித்தது மருந்தைவிடத் தவறான சந்தேகம்தான்.

அதற்காக மருந்தின் கறையை மறைக்கக் கூடாது. கடோலினியம் தனியாக உடலில் திரிந்தால் நஞ்சு. ஆகவே வேறொரு மூலக்கூறோடு பிணைத்தே ஏற்றுகிறார்கள். அந்தப் பிணைப்பு இரண்டு வகை. நீள வடிவில் பிடித்துக்கொள்வது ஒன்று, வளையமாகச் சுற்றி அடைத்துக்கொள்வது மற்றொன்று. நீள வகையின் பிடி தளர்வு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்து மூட்டுகள் மடங்காமல் போன கொடுமைக்குக் கடோலினியத்தோடு தொடர்பு உண்டு என்று 2006இல் தெரியவந்தது. 2014இல் ஜப்பானிய மருத்துவர்கள், பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் அதன் தடயம் தங்குவதற்கான அறிகுறியைக் காட்டினார்கள். 2017இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் கடோடயமைடு உள்ளிட்ட நீள வகை மருந்துகள் சிலவற்றின் உரிமத்தை நிறுத்திவைத்தது. அமெரிக்காவோ எதையும் விலக்காமல், எல்லாவற்றின் மீதும் எச்சரிக்கை எழுதியது. தங்கிய தடயத்தால் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குத் தீங்கு நேர்ந்ததாக இன்றுவரை நிறுவப்படவில்லை. வளைய வகை மருந்துகளில் அந்தத் தோல் நோய் மிக மிக அரிது.

இந்த இடத்தில்தான் படிவத்தின் குறை வெளிப்படுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உள்ள ஆபத்து பெரும்பாலும் எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. வளைய வகையாக இருந்தால் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம் இல்லை என்றுகூட அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் வழிகாட்டி சொல்கிறது. நாம் கிரியாட்டினின் கேட்கிறோம், மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கடோபியூட்ரால் என்றால் 6 மில்லி, கடோடெரேட் என்றால் 12 மில்லி. இரண்டும் வளைய வகை. கடோலினியத்தின் அளவும் ஒன்றே. ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய இந்தத் தகவலைப் பெறும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு.

பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ளவர்களின் நிலை வேறு. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. என்றால், ஐம்பதைத் தொடுவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட ஊசிகள். அவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம் என்பதால் தராசு இன்னும் ஊசியின் பக்கமே தாழ்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் வளைய வகையா என்று கேட்டு, பெயரையும் அளவையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஊசியைப் பற்றிய கேள்விக்கு முன், ஸ்கேனே தேவையா என்ற கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய் உறுதியான 1,623 பெண்களைக் கொண்டு நடத்திய காமிஸ் ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறு அறுவை ஏறக்குறைய 19 சதவீதம், வித்தியாசம் இல்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் “இதன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மாற்றாது என்றால் ஊசியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

மாதவிடாய் நிற்காதவர்கள் முடிந்தால் மாதச் சுழற்சியின் 7 முதல் 14ஆம் நாளுக்குள் தேதி வாங்குங்கள். தவறான சந்தேகம் குறையும். கர்ப்பம் என்றால் கான்ட்ராஸ்ட் ஊசியைத் தவிர்ப்பதே வழக்கம். பால் கொடுக்கும் தாய் நிறுத்த வேண்டியதில்லை. பாலில் போவது ஏற்றிய அளவில் 0.04 சதவீதத்துக்கும் குறைவு. முன்பு கான்ட்ராஸ்ட் ஊசி ஒவ்வாமல் போயிருந்தால் அன்று போட்ட மருந்தின் பெயரோடு வாருங்கள். இதையெல்லாம் பேச வேண்டிய இடம் ஸ்கேன் அறை வாசல் இல்லை. எழுதிக் கொடுக்கும் மருத்துவரின் மேசை. ஸ்கேன் மையங்கள் படிவத்தை முந்தின நாளே தர வேண்டும், மருந்தின் பெயரை அதில் எழுத வேண்டும். அவர்கள் தராதவரை நீங்கள் கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.