முகத்துக்குப் பெயரிடுவது யார்?

ஜாய் புவோலம்வினி கணினி அறிவியலாளர். தன்னை நிரல்களின் கவிஞர் என்று சொல்லிக்கொள்பவர். 2018இல் அவரிடமிருந்து இரண்டு படைப்புகள் வந்தன. ஒன்று, டிம்நிட் கெப்ருவுடன் சேர்ந்து எழுதிய ‘ஜெண்டர் ஷேட்ஸ்’ ஆய்வு. இன்னொன்று, ‘ஏஐ, எய்ன்ட் ஐ எ வுமன்?’ என்னும் காணொளிக் கவிதை. கவிதையை ஆய்வின் பின்னிணைப்பாக வைத்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆய்வு சொல்ல முடியாத ஒன்றைக் கவிதை சொல்கிறது. சொல்லாமல் விடுவதும் உண்டு.

முதலில் ஆய்வு. ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைக் காட்டி, இவர் ஆணா பெண்ணா என்று மூன்று நிறுவனங்களின் மென்பொருள்கள் சோதிக்கப்பட்டன. வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்கள் விஷயத்தில் அது 34.7 சதவீதம் வரை போனது. பெண்களைத் தனியாகவும் கருநிறத்தவரைத் தனியாகவும் எண்ணியிருந்தால் இந்தப் பள்ளத்தின் ஆழம் தெரிந்திருக்காது. நிறமும் பாலும் சந்திக்கும் இடத்தில் நிற்பவளை எண்ணியபோதுதான் தெரிந்தது. பெண்ணியம் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை அளந்து காட்டிய ஆய்வு இது.

கவிதை வேறு வேலை செய்கிறது. அடிமையாகப் பிறந்து விடுதலைக்காகப் போராடிய சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஓஹையோவின் ஏக்ரன் நகரில் ஆற்றிய உரையோடு சேர்த்து நினைவுகூரப்படும் கேள்வியே அதன் தலைப்பு. ட்ரூத், ஓப்ரா வின்ஃப்ரே, மிஷெல் ஒபாமா, செரீனா வில்லியம்ஸ் ஆகியோரின் படங்கள் வருகின்றன. இயந்திரம் அவர்களை ஆண்கள் என்கிறது. இவர்களை நாம் ஏற்கெனவே அறிவோம். அதனால் அந்தக் கணத்தில் தேர்வு எழுதுவது அந்தப் பெண்கள் இல்லை, இயந்திரம்தான். சதவீதங்களால் இப்படி இடம் மாற்றி உட்காரவைக்க முடியாது.

ஆனால் இதே பலம்தான் பலவீனமும். புகழ்பெற்ற முகங்களை வைத்துத்தான் இந்த உத்தி பலிக்கும். அலுவலகக் கழிவறையைச் சுத்தம் செய்யும் பெண்ணை இயந்திரம் ஆண் என்றால், அதன் பிழையை எந்தப் பார்வையாளர் கண்டுபிடிப்பார்? அடுத்தது, கவிதை இயந்திரத்தின் இரண்டு பெட்டிகளையும் உடைப்பதில்லை. தவறான பெட்டியில் போட்டாயே என்றுதான் கோபப்படுகிறது. திருநர்களும் இருமைக்கு வெளியே நிற்பவர்களும் அந்தக் கோபத்துக்குள் இல்லை.

இன்னும் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிழை திருத்தப்பட்டால் போதுமா? 2023இல் டெட்ராய்ட் நகரில், முகமறியும் மென்பொருள் தவறாகப் பொருத்தியதை நம்பி, எட்டு மாதக் கர்ப்பிணியான ஒரு கறுப்பினப் பெண்ணைக் காவல்துறை கார் பறிப்பு வழக்கில் கைது செய்தது. மென்பொருள் பிழையே செய்யாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் யாருடைய தெருவில் கேமரா நிற்கும், யாருடைய முகம் தேடப்படும் என்பதைக் காவல்துறைதானே முடிவு செய்யும்? துல்லியம் நீதி ஆகிவிடாது.

இதற்கான விடையை நான் புரூக்ளினில் பார்க்கிறேன். அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் குடியிருப்பின் வாசலில் முகமறியும் பூட்டு வைக்க உரிமையாளர் திட்டமிட்டார். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எதிர்ப்பில் முன்னால் நின்றவர்களில் பலர் பெண்கள். ‘எங்களைச் சரியாக அடையாளம் காண்’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘அடையாளம் காணவே வேண்டாம்’ என்றார்கள். புவோலம்வினி அவர்களுக்கு ஆதரவாக எழுதினார். 2019 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இதை அறிந்தபின் கவிதையை மறுபடி பார்த்தால், தலைப்பிலுள்ள கேள்வி மன்றாட்டாகக் கேட்பதில்லை. நான் பெண்ணா இல்லையா என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்கிறது. கவிதை அந்த வாசல்வரை நம்மை அழைத்துப் போகிறது. அதைத் தாண்டியவர்கள், அந்தக் குடியிருப்புப் பெண்கள்.