தகர வேலியும் ராத்திரி விளக்கும்

கஷ்ட காலத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களுக்கு விளையாட்டு மிகவும் சௌகரியமான சரக்கு. ஊரெங்கும் வேலையில்லை, வீட்டில் அடுப்பெரியவில்லை, நடுவே ஒரு வீரன் எழுந்து ஜயிக்கிறான், ஜனங்கள் துயரத்தை மறந்து கைதட்டுகிறார்கள். 2005-இல் வந்த 'சின்டரெல்லா மேன்' என்ற அமெரிக்கப் படம் இந்த வகையைச் சேர்ந்தது. துறைமுகத்தில் கூலி வேலை செய்து, சர்க்கார் உதவிப் பணம் வாங்கிக் குடும்பம் நடத்திய ஜேம்ஸ் பிராடக் 1935-இல் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆன கதை. உண்மைக் கதைதான். வாங்கிய உதவிப் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்ததும் உண்மை. படமும் நன்றாகவே இருக்கிறது. என் குறை வேறு. இம்மாதிரிக் கதைகளில் ரசிகன் கைதட்டுவதற்கு மட்டுமே வருகிறான். டிக்கெட்டுக்கு அவன் காசு எங்கிருந்து எடுத்தான் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் அதே 1935-இலேயே வேறொரு கதை அகப்பட்டிருக்கும்.

1930-இல் அமெரிக்காவின் பதினாறு பெரிய பேஸ்பால் அணிகளின் ஆட்டங்களுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். 1933-இல் அது சுமார் 60 லட்சமாக இறங்கிவிட்டது. நாலு தொழிலாளிகளில் ஒருவனுக்கு வேலையில்லாத வருஷம் அது. 1931-இல் 80,000 டாலர் வாங்கிய பேப் ரூத்துக்கு 1934-இல் 35,000 டாலர்தான். வயதும் ஒரு காரணம். காலம் இன்னொரு காரணம்.

பிலடெல்பியா நகரத்து 'அத்லெடிக்ஸ்' அணி 1929-லும் 1930-லும் 'உலகத் தொடர்' பட்டத்தை வென்ற அணி. அதை நடத்தியவர் கான்னி மாக் என்ற கிழவர். மற்ற முதலாளிகளில் ஒருவருக்குப் பீர் வியாபாரம் இருந்தது, இன்னொருவருக்குச் சூயிங்கம் வியாபாரம். மாக்குக்குப் பேஸ்பாலே ஜீவனம். வருமானம் சுருங்கியதும், வீட்டு நகைகளை ஒவ்வொன்றாக விற்றுக் குடித்தனம் நடத்துகிற மாதிரி, ஆட்டக்காரர்களை விற்கத் தொடங்கினார். 1932-இல் மூன்று பேரைச் சிகாகோவுக்கு விற்றதில் லட்சம் டாலர் கிடைத்தது. அடுத்த வருஷம் இன்னும் சிலர் போனார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் போனார்கள். பின்னோடு ரசிகர்களும் போனார்கள்.

அணியின் மைதானமான ஷைப் பார்க்கின் வலப்பக்கச் சுவர் பன்னிரண்டடி உயரந்தான். சுவரை ஒட்டி 20-ஆவது தெரு. தெருவின் எதிர்ச் சாரியில் வரிசையாக வீடுகள். மொட்டை மாடியில் ஏறினால் ஆட்டம் முழுவதும் தெரியும். வீட்டுக்காரர்கள் மாடியில் பலகைகளை அடுக்கி ஆசனம் போட்டு, வந்தவர்களிடம் காசு வாங்கினார்கள். நல்ல காலத்தில் மாக் இதைப் பொருட்படுத்தவில்லை. கெட்ட காலத்தில் ஒவ்வொரு தலையும் அவர் கண்ணை உறுத்தியது. 1935-இல் அந்தச் சுவரின் மேல் தகரம் அடித்து, முப்பது அடிக்கும் மேலாக உயர்த்திவிட்டார். ஊர் ஜனங்கள் அதற்கு வயிற்றெரிச்சல் வேலி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

மாக்கை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டம் அவருடையது, செலவும் அவருடையது. ஆனால் மாடி வீட்டுக்காரனுக்கும் அது கஷ்ட காலந்தான். இல்லாதவர் இரண்டு பேர் ஒரே காசுக்குச் சண்டை போட்டார்கள். நடுவில் நின்ற ரசிகன் என்ன ஆனான்? மாடியிலிருந்து இறங்கியவன் மைதானத்துக்குள் போகவில்லை. வேலி எழுந்த வருஷம், முந்திய வருஷத்தைவிடக் குறைவான பேரே டிக்கெட் வாங்கினார்கள். அணி எட்டில் எட்டாவதாக வந்தது.

அதே 1935 மே மாதம் 24-ஆம் தேதி, அதே மாதிரி நொடித்துப்போயிருந்த சின்சினாட்டி அணி தன் மைதானத்தில் விளக்குப் போட்டது. வாஷிங்டனிலிருந்து ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்தினார். பெரிய அணிகளின் முதல் ராத்திரி ஆட்டம் அது. 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதுவரை ஆட்டம் எல்லாம் மத்தியானத்தில். வேலையை இழக்காதவனுக்கு வர முடியாது, இழந்தவனுக்குக் காசில்லை. பிறகு யாருக்காக ஆடினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சின்சினாட்டிக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வருஷம் கூட்டம் ஏறக்குறைய இரட்டித்தது.

இரண்டு பேருக்கும் லாபந்தான் நோக்கம். தர்ம சிந்தனை யாருக்கும் இல்லை. ஆனாலும் காசு குறைந்த ரசிகனை ஒருவர் திருடனாகப் பார்த்தார். மற்றவர் வர முடியாமல் தவிக்கிறவனாகப் பார்த்தார். கஷ்ட காலத்தில் விளையாட்டு ஜனங்களைத் தாங்கியது என்று சொல்லும் கதைகள் இந்த வித்தியாசத்தைத் தொடுவதேயில்லை. தொட்டால், தாங்கியது யார், தாங்கப்பட்டது யார் என்ற வழக்கு வந்துவிடும்.

மாக்கும் 1939-இல் தம் மைதானத்துக்கு விளக்குப் போட்டார். ஆனால் வேலியை எடுக்கவில்லை. 1954-க்குப் பிறகு அணியே கான்ஸாஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. வேலி மட்டும் அங்கேயே நின்றது. இதை எழுத ஒரு நாவலாசிரியனுக்குச் சாம்பியன் வேண்டாம். மாடியில் அடுக்கிய பலகைகளை வீட்டுக்காரன் கழற்றி உள்ளே கொண்டுபோகிற அந்த ஒரு மாலை போதும்.