பார்செற்றும் கொட்டாஞ்சேனையும்: விக்டோரியா காலக் குருமாரும் சபையாரும்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்து (1837 - 1901) ஆங்கில நாவல்களிற் குருவானவர் ஒருவர் தலைகாட்டாத நாவலைத் தேடிப்பிடிப்பது அரிது. ஜோர்ஜ் எலியற் தமது முதற் கதைத்தொகுதிக்குக் குருமார் வாழ்வையே பொருளாகக் கொண்டார். அந்தனி ற்றொலப் 1855 முதல் 1867 வரை எழுதிய பார்செற் நாவல்கள் ஆறும் கற்பனை மாவட்டம் ஒன்றின் திருச்சபை உலகைச் சுற்றியே அமைந்தவை. இந்நாவல்களைப் பயில்வோர் அக்குருமாரை நகைச்சுவைப் பாத்திரங்களாகக் கொள்வர். அன்றேல் அக்காலத்தவரின் சமயப் பற்றுக்குச் சான்றாகக் கொள்வர். இவ்விரு நோக்கிலும் அடித்தளமான ஓர் உண்மை நழுவிவிடுகின்றது. இந்நாவல்களில் வரும் குரு, சமய ஊழியனாவதற்கு முன்னர் ஒரு சொத்துரிமையின் பயனாளி ஆவான்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஊர்க்கோயில் ஒவ்வொன்றுக்கும் மானியம் ஒன்று இருந்தது. கோயில் நிலமும் ஊரார் விளைச்சலிற் பத்திலொரு பங்கும் சேர்ந்து அம்மானியம் ஆயிற்று. தானியமாகப் பெறப்பட்ட இத்தசமபாகம் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பணமாக மாறியது. மானியத்துக்குக் குருவை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவிடமோ, அத்தியட்சரிடமோ, பல்கலைக்கழகக் கல்லூரியிடமோ இருந்தது. உழுது கொடுத்தவனுக்குக் குருவைத் தெரிவதில் யாதொரு பங்கும் இருந்ததில்லை. நம்மவருக்கு இது முற்றும் அந்நியமான ஏற்பாடன்று. கோயில் தர்மகர்த்தாவும் பூசகரும் வயிற்றுக்கில்லாத அடியாரும் கொண்ட உறவினை அறிந்தவர்க்கு இதனை விளங்குதல் எளிது.

‘த வார்டன்’ இவ்வேற்பாட்டை நேராகத் தொட்ட நாவல். 1434இல் இறந்த ஹைரம் என்னும் கம்பளி வணிகன், முதுமையுற்ற தொழிலாளர் பன்னிருவரைப் பேணுமாறு நிலம் எழுதிவைத்தான். நிலத்தின் வருவாய் நூற்றாண்டுகளிற் பன்மடங்காயிற்று. கண்காணிப்பாளரான ஹார்டிங் குருவானவர் ஆண்டுக்கு 800 பவுண் பெறுகிறார். முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங் நாலு பென்ஸ். அதன்மேல் ஹார்டிங் தம் கைப்பொருளாக இரண்டு பென்ஸ் சேர்க்கிறார். சீர்திருத்தவாதி ஒருவன் வழக்கெழுப்புகிறான். நாளிதழ் ஒன்று தாக்குகிறது. தமக்கு ஆளுக்கு நூறு பவுண் கிடைக்குமென நம்பிய முதியவர்கள் விண்ணப்பமொன்றிற் கைந்நாட்டிடுகின்றனர். ஹார்டிங் மனச்சாட்சி உறுத்தப் பதவி துறக்கிறார். இதன் விளைவுதான் கூர்ந்து நோக்கற்பாலது. முதியவர்க்கு நூறு பவுண் கிட்டவில்லை. இருந்த இரண்டு பென்சும் போயிற்று. புதிய கண்காணிப்பாளர் நியமிக்கப்படவில்லை. இறந்தவர்களின் இடம் நிரப்பப்படவில்லை. தோட்டம் பாழாயிற்று.

இம்முடிவினைக் காட்டி, ற்றொலப் இரு தரப்பையும் சமமாக நோக்கும் நடுவுநிலையாளர் என்று புகழ்வதுண்டு. அப்புகழ்ச்சி பாதி உண்மையே. சீர்திருத்தக்காரரின் அவசரத்தை அவர் கண்டிப்பது நியாயம். ஆயின் அகவாழ்வு யாருக்கு அளிக்கப்பட்டுள்ளது? ஹார்டிங்கின் துயரை, அவர் கற்பனையாக வயலின்செலோ மீட்டும் விரலசைவுகள் ஈறாக அறிகின்றோம். பன்னிருவருள் ஹார்டிங்குக்கு விசுவாசமாக நின்ற பன்ஸ் ஒருவனே மனிதனாக உருப்பெறுகிறான். ஏனையோர் பேராசைக் கிழவர்கள். பட்ட வஞ்சனையை உணர்ந்து உரிமை கேட்டவனுக்கு நாவலில் மனம் இல்லை; நன்றியுள்ளவனுக்கு மாத்திரம் அது உண்டு. இஃது உணர்வுநிலையிற் பக்கஞ்சார்தலன்றி நடுவுநிலை ஆகாது.

எலியற் இவ்வகையில் ஒருபடி மேலானவர். ஏமஸ் பார்ட்டன் ஆண்டுக்கு 80 பவுணில் ஆறு குழந்தைகளை வளர்க்கும் துணைக்குரு. திறமையோ கவர்ச்சியோ அவரிடம் இல்லை. சபையார் அவரைப் பற்றிப் புறங்கூறுகின்றனர். மனைவி மில்லி இறந்தபோது அதே சபையார் அன்போடு அவரைத் தாங்குகின்றனர். அவ்வன்பு வேரூன்றிய வேளையிலேயே, அங்கு வாழாத மேற்குரு, தம் உறவினனுக்கெனப் பதவியை மீளப் பறிக்கிறார். சபையாரின் விருப்பம் எவராலும் கேட்கப்படவில்லை. மானிய முறையின் கொடுமையை ஒரு வாதமும் செய்யாது புலப்படுத்தும் இடம் இது. ற்றொலப்பும் ‘பார்செற்றின் இறுதிச் சரித்திரம்’ எழுதும்போது இதனை உணர்ந்தார் போலும். இருபது பவுண் காசோலையைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வறிய குரு குறோலிக்கு, விடாப்பிடியாய் நின்று தாங்குமாறு புத்தி சொல்பவன் மழையில் நனைந்து நிற்கும் கிழட்டுச் செங்கல் தொழிலாளி ஒருவன். கிரேக்கம் கற்ற குரு அதனை ஏற்று நடக்கிறார். நகைச்சுவைக்காகவே பலரும் விரும்பும் ‘பார்ச்செஸ்ரர் ரவர்ஸ்’ இக்காட்சிக்கு ஈடான ஒன்றைக் கொண்டிருக்கவில்லை.

இக்குருவானவர் கடல் கடந்து கொழும்புக்கு வந்தபோது நிகழ்ந்தது யாது? இங்கே அவருக்குத் தசமபாகம் இல்லை, நிலப்பிரபுவும் இல்லை. அவ்விடத்தை அரசாங்கம் நிரப்பிற்று. குடியேற்ற நாட்டுச் சம்பளப் பட்டியலில் நீதவானோடும் சேர்வையரோடும் குருவும் இடம்பெற்றார். கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டியிற் புனித தோமையர் ஆலயம் ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1815இல், தமிழ்ச் சபையாருக்கென எழுந்தது. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தமிழரான கிறித்தியான் தாவீது, யாழ்ப்பாணத்தில் அரச ஊழியராகவே போதித்தார். 1824இல் அத்தியட்சர் ஹீபரிடம் குருப்பட்டம் பெற்றார். 1845இற் கொழும்பு தனி அத்தியட்சாதீனமாகிச் சப்மன் முதலாம் அத்தியட்சரானார். முகத்துவாரத்தில் 1851இல் புனித தோமையர் கல்லூரியும் 1854இற் பேராலயமும் எழுந்தன. ஆலயமும் கல்லூரியும் அருகருகே நிற்க, ஆங்கிலக் கல்வியும் பதவியும் ஒரே வாயிலால் நுழையலாயின. பார்செற்றிற் குருவைத் தாங்கியது நிலம். கொழும்பிலே அது சர்க்கார் உத்தியோகம்.

எனினும் ஒரு வேறுபாடு நம் பக்கத்துக்கு உரியது. பார்செற்றில் மானியம் முன்னே நிற்கும், குரு வருவார், சபை அவர்முன் அமரும். தமிழகத்திற் பல இடங்களிற் சபையே முன்னே நின்றது. பாளையங்கோட்டையிற் கிளாரிந்தா என்னும் விதவை கட்டுவித்த ஆலயத்தை 1785இற் பிரதிட்டை செய்யவே சுவார்ட்ஸ் ஐயர் வந்தார். அ. மாதவையா தம் ஆங்கில நாவலுக்கு (1915) அப்பெண்ணையே தலைவியாக்கினார். ஐரோப்பியக் குரு அங்கே துணைப்பாத்திரம். திருநெல்வேலியிலிருந்து மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த தொழிலாளருள் கிறித்தவரும் இருந்தனர். அவர்களிடையே ஊழியம் செய்தவர் உபதேசியார். 1850களின் நடுவில் தோட்டத்துரைமாரின் பணவுதவியோடு சீ.எம்.எஸ். சங்கத்தார் தொடங்கிய ‘தமிழ்க் கூலிகள் மிஷன்’ அவ்வுபதேசிமாரின் கால்நடையாலேயே இயங்கிற்று.

அம்மிஷனைச் சுற்றியே 1876இற் பெரும் பூசல் மூண்டது. முப்பது வயதில் அத்தியட்சரான றெஜினோல்ட் கொப்பிள்ஸ்ரன், தோட்டங்களிலுள்ள தமிழ்ச் சபைகளும் அவ்வப் பகுதிக் குருமாரின் மேற்பார்வைக்குள் வரவேண்டுமென்றார். ஓரிடத்துத் திருச்சபை ஒன்றாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இன அடிப்படையிற் சபையைப் பிரிப்பது தவறென்ற வாதம் அதனுள் அடங்கியிருந்ததை மறுத்தல் இயலாது. சங்கத்தாரோ, தமிழறியாத, சடங்கு மிகுந்த குருமாரிடம் தம் சபைகளை ஒப்படைக்க மறுத்தனர். மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்கள் மீளப்பெறப்பட்டன. வழக்கு இங்கிலாந்துவரை சென்று 1880இல் அங்குள்ள பேராயர்கள் முன் தணிந்தது. இரு தரப்பிலும் நேர்மை இருந்தது. ஆயின் தொழிலாளர் இப்பூசலின் பொருளாக இருந்தனரே தவிர ஒரு தரப்பாக இருக்கவில்லை. ஹைரம் மருத்துவமனைக் கிழவர்களைப்போல அவர்களும், தம் பொருட்டு நடந்த போரிற் பார்வையாளராயினர். ற்றொலப்பின் கற்பனையும் இலங்கைத் திருச்சபையின் நடைமுறையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன. சமயத்தின் இயல்பு இங்கு காரணமன்று. குருவுக்குச் சோறிடுபவன் அவர் ஊழியம் பெறுபவனாக இல்லாத இடத்திலெல்லாம் இந்நிலை தோன்றும்.

1881இல் அம்முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது. பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் கொடுத்த வரியிலிருந்து ஆங்கிலேயக் குருமாருக்குச் சம்பளம் வழங்கும் முறையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. ஏற்கெனவே பதவியிலிருந்தோர்க்கே மானியம் தொடர்ந்தது. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையாகவே நீடித்த அங்கிலிக்கன் சபை, இலங்கையில் தன் காலிலே நிற்க வேண்டியதாயிற்று. சபையார் பிரதிநிதிகள் அமரும் மன்றமும் அப்பத்தாண்டிலேயே உருவாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கொட்டாஞ்சேனை செல்வோர், சீ.எம்.எஸ். சங்கத்தாரின் காலிமுகத் தேவாலயத்தையும் ஜிந்துப்பிட்டியையும் அணுகிச் செல்கின்றனர். முன்னது சங்கத்தின் பணத்தால், பின்னது அரசின் ஆதரவால் எழுந்தது. இரண்டிலும் குருவின் ஊதியத்தைச் சபையார் கைக்காணிக்கையாலே திரட்டும் நாள் பின்னரே வந்தது. ஹார்டிங் பதவி துறந்தபோது அவருக்கு 75 பவுண் தரும் சிறு கோயில் ஒன்று காத்திருந்தது. தோட்டத்து உபதேசியார் பதவி துறந்திருப்பின் அவருக்குக் காத்திருந்தது, வந்த வழியே மாத்தளை, தம்புள்ளை என நீளும் வடபாதை நடையல்லது மன்னார்க் கரையோரத்துத் தோணி. அவர் வரலாற்றை எழுதுதற்கு ஒரு ற்றொலப் தோன்றவில்லை; தோன்றியிருப்பினும் பன்ஸைப் போலவே அவரையும் வரைந்திருப்பாரோ என்பது ஐயத்துக்குரியது.