திடுக்கமும் அச்சமும்: ‘பீட்சா’ திரைப்படத்தை முன்வைத்து

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைச் சுட்டுகின்றது. திடீரென எழும் பேரோசை இந்நான்கினுள் இல்லை. இன்றைய பேய்ப்படங்களுள் பலவோ அவ்வோசையையே நம்பி நிற்கின்றன. அமைதியை நீட்டிப் பின் கோர முகமொன்றை இரைச்சலோடு காட்டினால் உடல் அதிரவே செய்யும். காற்றில் கதவு அறைந்தாலும் அதிரும். இவ்வனிச்சை அதிர்வைத் திடுக்கம் என்றும், அது ஓய்ந்தபின்னும் உள்ளத்தில் தங்குவதை அச்சம் என்றும் நாம் பிரித்தறிதல் வேண்டும்.

ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) என்னும் அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் பூங்காவோரம் தனியே நடக்கிறாள். சிறுத்தையாக உருமாறக் கூடியவள் என ஐயுறப்படும் மற்றொருத்தி அவளைப் பின்தொடர்கிறாள். பின்வரும் காலடியோசை சட்டென நின்றுபோகிறது. அடுத்துச் சீறலொன்று எழுகிறது. வந்து நிற்பதோ பேருந்து! விலங்கு வரவே இல்லை. எனினும் காலடி நின்ற கணத்திலேயே பார்வையாளர் தம் மனத்தில் அதனைப் படைத்துவிட்டனர்.

கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) இதனினும் ஒரு படி மேற்செல்கிறது. இருண்ட மாளிகையில் சிக்கிய மைக்கேலின் கைவிளக்கு காட்டும் சிறு வட்டமே நமக்கும் காட்சி. வட்டத்திற்கு வெளியே உள்ளதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இறுதியிலோ, வைரங்களைக் கவர்ந்த மைக்கேல் தன் முதலாளியை ஏமாற்றப் புனைந்த கதையே அது என்று தெரியவருகிறது. அணங்கெனக் கண்டது கள்வனின் சொல். அச்சொல்லுக்குக் காரணம் முதலாளியாகிய இறைமீது கொண்ட அச்சம். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் மூன்று ஒரே கதையில் பின்னிக் கிடப்பதை இயக்குநர் எண்ணிச் செய்திருப்பார் என நாம் கருதவில்லை. ஆயினும் படத்தின் வலிமை அங்கேதான் உள்ளது. முதலாளி அக்கதையை நம்புவதற்கும் காரணம் உண்டு: அவர் மகளே பேய் பிடித்தவளாக இருக்கிறாள்.

கேட்போரிடம் முன்னரே உள்ள இவ்வாயத்தம் திரைக்கு வெளியிலும் செயற்படுவதே. ஜொகூர் பாருவில் ‘வில்லா நபிலா’ எனப்படும் கைவிடப்பட்ட மாளிகையில் ஓர் இளைஞர் காணாமற்போனதாக 2013ஆம் ஆண்டு செய்தி பரவியபோது, மக்கள் அங்குத் திரளாகக் கூடினர். அவர் வேறிடத்தில் நலமாக இருந்தார். பேரோசையோ கோர முகமோ அங்கு எவருக்கும் தேவைப்படவில்லை; மாளிகையைப் பற்றிய பழங்கதைகளே போதுமானவையாயின. 2015இல் ஷாஃபிக் யூசோப் அம்மாளிகையின் பெயரிலேயே ஒரு மலாய்ப் படம் எடுத்தார்.

‘பீட்சா’வின் கடைசிக் காட்சியில் மைக்கேல் தான் புனைந்ததை ஒத்த சூழலில் மெய்யாகவே அகப்படுகிறான். முன்னர் நாம் கேட்ட பொய்யே இப்போது நம்மை நடுங்கச் செய்கிறது. இயக்குநர் புதிதாக எதையும் காட்டவேண்டியதில்லை. படமும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது.